டிபிஎஸ் புது செட்டிங்கை எங்கே சோதிப்பது: கிளினிக்கிலா, வீட்டிலா?

பார்க்கின்சனுக்காக டிபிஎஸ், அதாவது மூளையின் ஆழத்தில் மின்முனையும் அதற்கு மின்சாரம் தர மார்பில் ஒரு கருவியும், வைத்துக்கொண்டவர்களின் வீடுகளில், ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் ஆனதும் ஏறக்குறைய ஒரே குழப்பம்தான் வருகிறது. கை நடுக்கம் அடங்கிவிட்டது. ஆனால் பேச்சு குழறுகிறது. அல்லது நடை நன்றாக இருக்கிறது, நிலைப்படி வந்தால் மட்டும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. டாக்டர் "வேறு செட்டிங் போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். ஒருவர் கிளினிக்கில் உட்கார வைத்தே மாற்றுகிறார். இன்னொருவர் ரிமோட்டில் நாலு குரூப், அதாவது நாலு விதச் செட்டிங், ஏற்றிக் கொடுத்து, "வீட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வாங்க" என்கிறார். வீடியோ காலிலேயே மாற்றலாம் என்கிறார் கம்பெனிக்காரர். தானாக மாறிக்கொள்ளும் கருவி வந்துவிட்டதே என்று வெளிநாட்டுச் சொந்தக்காரர் செய்தி அனுப்புகிறார். எதைப் பிடிப்பது என்று கேட்டு எழுதுகிறவர்கள் பலர்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இந்தக் கருவி இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. பக்கத்தில் இருந்து பார்ப்பவன், படிப்பவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அறிகுறியைச் சரிசெய்யப் பார்க்கிறோமோ, அது மாற்றத்துக்கு எவ்வளவு நேரத்தில் பதில் சொல்லும் என்பதுதான் சோதிக்கும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். வசதி, செலவு, புதுமை எல்லாம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து எடை போடுவது

செட்டிங் என்று நாம் சொல்வது நாலைந்து எண்கள். எந்த முனையில் மின்சாரம், எத்தனை மில்லியாம்ப், ஒவ்வொரு மின்துடிப்பும் எத்தனை மைக்ரோ செகண்ட், நொடிக்கு எத்தனை துடிப்பு. பிரான்சில் க்ரெநோபிள் நகரத்து அறுவை மருத்துவர் பெனபிட், மின்முனையை உள்ளே செலுத்தும்போது நொடிக்கு 100 துடிப்பை ஒட்டிப் போனால் நடுக்கம் அடங்குவதைக் கவனித்தார். 1987இல் தொடங்கிய கதை அது. இன்றும் பெரும்பாலானோர் 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 130 துடிப்பு), 60 மைக்ரோ செகண்ட் என்ற எண்களில்தான் தொடங்குகிறார்கள். புது முறைகள் இந்த எண்களை உடைத்துப் பார்க்கின்றன: 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குவது, துடிப்பை 30 மைக்ரோ செகண்டாகக் குறுக்குவது, இரண்டு செட்டிங்கை மாற்றி மாற்றி விடுவது, துடிப்புகளைச் சீரற்ற இடைவெளியில் அனுப்புவது.

அளவுகோல்களில் முதலாவது, பதில் வரும் நேரம். விறைப்பும் நடுக்கமும் நொடிகளில், நிமிடங்களில் தெரிந்துவிடும். அசைவு மந்தம் முழுதாக விலக மணிக்கணக்கு ஆகலாம். நடை, நிற்கும் நிதானம், பேச்சு ஆகியவற்றின் உண்மை நிலை தெரிய நாள் கணக்கு வேண்டும். கருவியை அணைத்தாலும் ஏறக்குறைய இதே வரிசைதான்: நடுக்கம் நிமிடங்களில் திரும்பும், மந்தமும் விறைப்பும் அரை மணி, ஒரு மணி எடுக்கும், நடை, நிதானம் போன்ற உடலின் நடுப்பகுதி சார்ந்த அறிகுறிகளுக்கு மூன்று நாலு மணி நேரம் ஆகும். பழைய செட்டிங்கின் மிச்சம் போகாமல் புதியதை மதிப்பிட்டால், பழையதற்குத்தான் மார்க் போட்டுக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, பக்கவிளைவு யார் கண்ணில் படும் என்பது. வாய் ஒரு பக்கம் இழுப்பது, விரல் மரத்து ஊர்வது, பார்வை இரண்டாகத் தெரிவது எல்லாம் கிளினிக்கிலேயே தெரியும். ராத்திரி தூங்காமல் ஆன்லைனில் எதையாவது வாங்கிக் குவிப்பது, காரணமில்லாத குதூகலம், எரிந்து விழுவது ஆகியவை வீட்டில் மட்டுமே தெரியும். அதுவும் நோயாளிக்கே தெரியாது, கூட இருப்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, சரிவரவில்லை என்றால் பழையதற்கு எவ்வளவு சீக்கிரம் திரும்பலாம். நாலாவது செலவு, இதில் பஸ், ரயில், லாட்ஜ் மட்டுமல்ல, பேட்டரியும் சேர்த்தி. ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: கூட இருந்து குறிப்பெடுக்கும் மகளோ மருமகளோ எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

## கிளினிக்கில் உட்கார்ந்து மாற்றுவது

இதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்து, விறைப்பு விலகும் கணத்தைக் கையாலேயே உணர்வார். எந்தக் கேமராவும் அதைச் செய்யாது. பின்னாலிருந்து தோளை இழுத்து விழுகிறாரா என்று பார்க்கும் சோதனையும் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு. ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்கள், ஒவ்வொரு முனையாகத் திறந்து எங்கே பலன் தொடங்குகிறது, எங்கே பக்கவிளைவு தொடங்குகிறது என்று வரைபடம் போடும் வேலை, மாத்திரை எடுக்காத காலை நேரத்தில் கிளினிக்கில் நடப்பதுதான் சரி.

குறை, நேரம். அரை மணி, முக்கால் மணியில் நடையைப் பற்றி எந்த முடிவும் சொல்ல முடியாது. அங்கே இன்னொரு விசித்திரம் உண்டு: டாக்டர் முன்னால் எல்லோரும் நன்றாக நடப்பார்கள். அகலமான வராந்தா, பளபளக்கும் தரை, எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற உந்துதல். வீட்டுக் குளியலறை வாசலில் ஒட்டுகிற கால் அங்கே ஒட்டவே ஒட்டாது. காலை மாத்திரையைத் தள்ளிப்போட்டு விறைத்த உடம்போடு பயணம் செய்யும் பாடு தனி.

நடுக்கமோ விறைப்போதான் முக்கியப் பிரச்சினை, அல்லது புதிதாகக் கருவி வைத்தவர் என்றால் இதுவே முதல் தேர்வு. வேறு யோசனையே வேண்டாம்.

## குரூப் ஏற்றிக்கொண்டு வீட்டில் மாற்றிப் பார்ப்பது

மருத்துவர் ஏ, பி, சி, டி என்று குரூப்களாகச் செட்டிங் ஏற்றிவிடுவார். ஆம்ப் அளவுக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வைத்துவிடுவார். நாம் கையிலிருக்கும் ரிமோட்டில் குரூப்பை மட்டும் மாற்றலாம். எல்லைக்குள் கூட்டிக் குறைக்கலாம். முனையையோ அதிர்வெண்ணையோ நாமாகத் தொட முடியாது. வீட்டில் சோதிப்பது என்றாலே பயப்படுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்: சோதிப்பவர் மருத்துவர்தான், சோதனை நடக்கும் இடம்தான் நம் வீடு.

இதன் பலம், நாட்கணக்கில் நேரம் கிடைப்பது. பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் "பேர் சொல்லுங்க, ஊர் சொல்லுங்க" என்றால் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். அம்மாவின் பேச்சுக்கு எங்கள் வீட்டில் சரியான அளவுகோல் செல்போன்தான். பெரியம்மாவிடம் பேசும்போது அந்தப் பக்கத்திலிருந்து "என்னது? என்னது?" என்ற கேள்வி எத்தனை தடவை வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும், செட்டிங் எப்படி என்று சொல்லிவிடலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், போனில் அந்தச் சலுகை கிடையாது.

60 ஹெர்ட்ஸ் சோதனை இந்த வழிக்கு நல்ல உதாரணம். கால் ஒட்டிக்கொள்பவர்களில் சிலருக்கு 130இலிருந்து 60க்கு இறக்கினால் நடை இளகுகிறது என்று 2008இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். ஆனால் சிலருக்கு அடங்கியிருந்த நடுக்கம் மறுபடி தலைகாட்டும்; இன்னும் சிலருக்கு முதல் வாரங்களில் தெரிந்த நன்மை பிறகு கரைந்துவிடும். இதையெல்லாம் அரை மணியில் எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. செலுத்தும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும், துடிப்பின் அகலத்தையும், அதிர்வெண்ணையும் பொறுத்தது. 130இல் 3 வோல்ட் வைத்திருந்தவருக்கு 60இல் அதே ஆற்றல் வேண்டுமென்றால் சுமார் 4.4 வோல்ட் ஆகிறது. அதிர்வெண்ணை மட்டும் இறக்கிவிட்டு "பலனில்லை" என்று முடிவு கட்டினால், சோதித்தது புது முறையை அல்ல, குறைந்த ஆற்றலை.

சரி, எப்படிச் சோதிப்பது? மருந்தை மாற்றாதீர்கள் என்பதுதான் தலையாய விதி. சின்டோபா (பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை) அரை மாத்திரை கூடினாலோ, மதியச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியதாலோ வந்த வித்தியாசத்தைச் செட்டிங்கின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒரு குரூப்புக்கு எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நடை, பேச்சு என்றால் ஓரிரு வாரமாவது கொடுப்பது நியாயம். ஏ பார்த்து, பி பார்த்து, மறுபடி ஏ பாருங்கள். திரும்பி வரும்போதும் அதே வித்தியாசம் தெரிந்தால்தான் நம்பலாம். முடிந்தால் எந்த குரூப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஏற்றச் சொல்லுங்கள். "புதுசு" என்று தெரிந்தாலே பார்க்கின்சன் உடம்பு நன்றாகிவிடும். எதிர்பார்ப்பினாலேயே டோபமைன் சுரக்கும் நோய் இது.

குறிப்புக்கு, அரை மணிக்கொரு கட்டம் போட்ட தாள் போதும். தூக்கம், ஆஃப் (பலன் இறங்கிய நேரம்), நல்ல ஆன் (பலன் இருக்கும் நேரம்), தொல்லையில்லாத ஆட்டத்தோடு (தன்னையறியாமல் வரும் அசைவோடு) ஆன், தொல்லை தரும் ஆட்டத்தோடு ஆன் என்று ஐந்தில் ஒன்றைக் குறிப்பது. ஆராய்ச்சிகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லா நாளும் எழுத யாராலும் முடியாது. ஒவ்வொரு குரூப்பின் கடைசி மூன்று நாள் எழுதினால் போதும். அதோடு செல்போனில் ஒரு சின்ன வீடியோ: மாத்திரை போட்டு ஒரே இடைவெளியில், ஒரே இடத்தில், நாற்காலியிலிருந்து எழுந்து, நிலைப்படி தாண்டி, திரும்பி வருவது. செய்தித்தாளில் நாலு வரி வாசிப்பது. ஒரு கையெழுத்து. பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க முடியாததை மருத்துவர் அந்த வீடியோவில் பார்த்துவிடுவார்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது பேட்டரி. அகலமான துடிப்பு, அதிக ஆம்ப், இரண்டு செட்டிங்கை மாற்றி மாற்றி விடும் முறை எல்லாம் பேட்டரியைக் குடிக்கும். சார்ஜ் செய்ய முடியாத கருவி என்றால் சாதாரணமாகவே சில வருடங்களில் மாற்றும் ஆபரேஷன் வந்து நிற்கும், செலவு லட்சங்களில். எனவே "எது நல்லா இருக்கு" என்று கேட்கும்போதே "இந்த குரூப்பில் பேட்டரி எத்தனை நாள் வரும்" என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, ரிமோட் கையில் இருப்பதால் வரும் சபலம். கொஞ்சம் தடுமாறினால் குரூப் மாற்று, ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் குரூப் மாற்று. புளித்துவிட்டதா என்று மாவை அரை மணிக்கொரு தடவை கிளறிப் பார்ப்பது மாதிரி அது. ரிமோட்டை நோயாளியிடம் கொடுக்காமல் வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்திருப்பதே மேல்.

நடை, பேச்சு, தூக்கம், மாலை நேரத்துத் தொய்வு இவைதான் பிரச்சினை, கூட இருந்து எழுத ஆளும் இருக்கிறது என்றால் இந்த வழியை மிஞ்ச எதுவுமில்லை. நினைவு மங்கியவருக்கும் தனியாக வாழ்பவருக்கும் இது சரிப்படாது.

## வீடியோ காலில் மருத்துவரே மாற்றுவது

சீனாவில் இது கொரோனாவுக்கு முன்பிருந்தே நடக்கிறது. அமெரிக்காவில் அபாட் நிறுவனத்தின் தொலைவழி முறைக்கு 2021 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. வீட்டில் செல்போன் அல்லது ரிமோட் வழியாக மருத்துவர் கருவிக்குள் நுழைந்து எண்களை மாற்றுவார். நடுவில் இணைப்பு அறுந்தால் முன்பே ஒப்புக்கொண்ட செட்டிங்குக்குக் கருவி திரும்பும்படி ஏற்பாடு உண்டு.

முந்தைய வழியோடு ஒப்பிட்டால் இதன் லாபம் ஒன்றுதான், ஆனால் பெரியது: குரூப்களுக்குள் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பி நன்றாக இருக்கிறது, ஆனால் வாய் லேசாக இழுக்கிறது என்றால் அடுத்த நேரம் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திராமல் அந்த வாரமே திருத்தலாம். தூரத்திலிருந்து வருகிற குடும்பத்துக்கு அலைச்சல் மிச்சம்.

விறைப்பைக் கையால் பார்க்க முடியாது என்பது குறை. நடை பார்க்கும்போது ஒருவர் போனைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் விழாமல் பிடிக்க வேண்டும். அதனால் வீட்டில் இரண்டு பேர் இல்லாத நேரத்தில் இந்தச் சந்திப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் கருவியிலும் இந்த வசதி கிடையாது. உங்கள் மாடலில் உண்டா, உங்கள் மருத்துவமனை தருகிறதா, கட்டணம் என்ன என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு உறவுள்ள இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர், டிபிஎஸ் பழக்கமில்லாத செவிலியர் ஒருவரை ஐபேட் செயலியோடு நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பி செட்டிங் செய்யவைத்தார்கள். 2021இல் வெளியான முடிவு: மருத்துவமனைக்கு வரும் தடவைகள் வெகுவாகக் குறைந்தன, நோயின் நிலையில் கிளினிக்குக்கு வந்தவர்களைவிட மோசம் இல்லை. நம் பக்கம் இது பரவ வேண்டும் என்பது என் ஆசை. நர்ஸ் வீட்டுக்கு வந்து ஊசி போடுவதும் டிரெஸ்ஸிங் மாற்றுவதும் நமக்குப் புதிதல்லவே.

## தானாக மாறிக்கொள்ளும் கருவி

மூளையின் அலைகளைக் கேட்டு, தேவைப்படும்போது கூட்டி, மற்ற நேரத்தில் குறைப்பது இந்த முறை. விறைப்பும் மந்தமும் கூடும்போது 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலை ஓங்கும். ஆட்டம் வரும்போது அதைவிட வேகமான காமா அலை. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, ஐந்து பேரின் மூளை அலைகளை அவர்கள் வீட்டில் இருக்கும்போதே 2,600 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்து 2021இல் வெளியிட்டது. 2024இல் அதே பல்கலைக்கழகம் நாலு பேருக்கு வீட்டிலேயே, எந்த முறை ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றிப் பார்த்தது. அவரவரை மிகவும் வாட்டிய அறிகுறி இருந்த நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாலே பேர் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஹெலன் பிரான்டி ஸ்டூவர்ட் தலைமையில் நடந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் கருவி செய்யும் மெட்ரானிக் நிறுவனத்தின் தானியங்கி முறைக்கு அமெரிக்க அனுமதி வந்தது.

ஆனால் இது மாட்டியவுடன் ஓடுகிற சமாச்சாரம் இல்லை. அலையைக் கேட்க, மின்சாரம் தரும் முனைக்கு மேலும் கீழும் ஒரு முனை வேண்டும்; ஆக, உங்களுக்குப் பலன் தரும் முனை ஓரத்தில் இருந்தால் இடம் மாற்ற வேண்டியிருக்கும், அல்லது இந்த வசதியே கிடைக்காது. சிலருக்கு பீட்டா அலை தெளிவாகத் தெரியாது. இடது மார்பில் கருவி இருந்தால் இதயத் துடிப்பின் சத்தம் கலக்கும். எந்த அளவில் கூட்டுவது, எதில் குறைப்பது என்ற வரம்புகளைப் பொருத்த கிளினிக்குக்குப் பல தடவை போக வேண்டும். அப்புறம் அந்த வரம்பு சரியா என்று தெரிவதோ வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான். அதாவது, ரிமோட் வேலை குறைகிறது, குறிப்பெடுக்கும் வேலை குறைவதில்லை.

ஒரே நாளில் ஆட்டத்துக்கும் உறைவுக்கும் இடையே மாறி மாறித் தவிக்கிறவர், பொருத்தமான கருவி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம். இதற்காகவே நன்றாக ஓடும் கருவியைக் கழற்றி மாற்றுவதை நான் ஒப்பமாட்டேன். பேட்டரி மாற்றும் தருணம் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | கிளினிக் | வீட்டில் குரூப் | வீடியோ | தானியங்கி |
|---|---|---|---|---|
| நடுக்கம், விறைப்பு | மிக நன்று | பரவாயில்லை | விறைப்பு தெரியாது | நன்று |
| நடை, பேச்சு | போதாது | மிக நன்று | குறிப்போடு சேர்ந்தால் நன்று | ஆளைப் பொறுத்தது |
| மனநிலை மாற்றம் | தெரியாது | கூட இருப்பவருக்குத் தெரியும் | கேட்டால் தெரியும் | கூட இருப்பவருக்குத் தெரியும் |
| பழையதற்குத் திரும்புவது | உடனே | உடனே, நாமே | அந்தச் சந்திப்பிலேயே | பெரும்பாலும் மருத்துவர் வழி |
| மறைந்த செலவு | பயணம், மாத்திரை தள்ளும் பாடு | பேட்டரி, கூட இருப்பவரின் உழைப்பு | இணையம், இரண்டு ஆள் | முனைத் தேர்வு குறுகுவது, பல தடவை அலைச்சல் |

## இன்னும் ஆராய்ச்சியில் இருப்பவை

டியூக் பல்கலைக்கழகத்தில் வாரன் கிரில் குழு, கணினியைக் கொண்டு சீரற்ற இடைவெளி முறை ஒன்றை உருவாக்கி, சராசரி 45 ஹெர்ட்ஸிலேயே வழக்கமான அதிவேக முறைக்கு இணையான பலன் தெரிவதாக 2017இல் காட்டியது. பேட்டரிக்குப் பெரிய மிச்சம். ஆராய்ச்சியாளர் பீட்டர் டாஸ் வகுத்த முறையோ சின்னச் சின்னத் துடிப்புக் கொத்துகளை முனை மாற்றி முனை அனுப்பி, கருவியை அணைத்த பிறகும் பலன் நீடிக்குமா என்று பார்க்கிறது. இவையெல்லாம் குறுகிய நேரத்தில், சிலரிடம் பார்த்தவை. யாராவது உங்கள் ரிமோட்டில் இப்படி ஒன்றை ஏற்றித் தருகிறேன் என்றால், இது பதிவான ஆய்வா, நெறிமுறைக் குழு அனுமதி உண்டா, முடிந்ததும் பழைய செட்டிங் திரும்பி வருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே தலையாட்டுங்கள்.

## வீட்டில் எதைச் செய்யவே கூடாது

"அணைத்தால் என்ன ஆகிறது பார்ப்போம்" என்று கருவியை நிறுத்தாதீர்கள். பல வருடமாக இதை நம்பி ஓடும் உடம்பில் திடீரென்று நின்றுபோனால், மாத்திரைக்கும் மசியாத கடும் விறைப்பும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். புது செட்டிங் ஓடும் நாட்களில் வண்டி ஓட்டுவதும் ஏணி ஏறுவதும் வேண்டாம். குளம், கிணறு, நீச்சல் குளம் பக்கமும் போக வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் டிபிஎஸ்ஸுக்குப் பிறகு நீச்சலையே மறந்து தண்ணீரில் தத்தளித்ததை சூரிக் மருத்துவர்கள் 2019இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

விழுந்தாலோ, முழுங்கும்போது புரையேறினாலோ, வெறுமை, தற்கொலைப் பேச்சு, அடங்காத உற்சாகம் எது தெரிந்தாலும் குறித்த நாள் முடியக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே பழைய குரூப்புக்கு மாற்றிவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். பழையது எது, ஏயா சியா என்பதை கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி ரிமோட்டின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் ஞாபகம் வராது.